வீட்டிலிருந்து வேலை, தடுமாறும் வைஃபை: எங்கே தொடங்கி எப்படிச் சரிசெய்வது

"நான் பேசுறது கேக்குதா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, நான்காவது முறை கேட்பதற்குள் கால் கட்டாகிவிடும். கொஞ்ச காலம் இதுவே என் பிழைப்பாக இருந்தது. கோபத்தில் முதலில் பிளானை மாற்றினேன், 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு. கால் அப்போதும் கட்டானது. அடுத்து ஒரு ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி) வாங்கி வேலை அறையில் செருகினேன். மொபைலில் சிக்னல் கோடுகள் நிறைந்தன, வேகம் முன்பைவிடக் குறைந்தது. கடைசியில் பார்த்தால் சிக்கல் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, டிவிக்குப் பின்னால் படுத்துக் கிடந்த ரவுட்டர். இன்னொன்று, சார்ஜரில் மாட்டியதும் புகைப்படங்களையெல்லாம் மேலேற்றத் தொடங்கும் என் சொந்த மொபைல். இரண்டையும் சரிசெய்ய ஒரு காசு செலவாகவில்லை.

அதனால்தான் கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் இருக்கின்றன. முதலில் அளப்பது, பிறகு நகர்த்துவது, அதற்கப்புறம் செட்டிங். பெட்டி வாங்குவதெல்லாம் கடைசியில்.

படி 1: கோளாறு காற்றிலா, லைனிலா?

"நெட் ஸ்லோ" என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் போவது ஒன்று. ரவுட்டரிலிருந்து வெளியே போகும் லைன் இன்னொன்று. முதலாவது உங்கள் வீட்டுச் சமாச்சாரம், இரண்டாவது பெரும்பாலும் இணைப்பு தருபவரின் பாடு. எது தகராறு செய்கிறது என்று தெரியாமல் எதில் கை வைத்தாலும் குருட்டாம்போக்குதான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி பிங்: ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை. ஆங்கிலத்தில் ping என்று தட்டி, இடைவெளி விட்டு முகவரியைக் கொடுத்தால் போதும். கமாண்ட் பிராம்ப்டையோ டெர்மினலையோ இரண்டு சன்னல்களில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் விடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரியும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற முகவரிக்கு விடுங்கள், அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர் (தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தருவது). விண்டோஸில் பிங் நான்கு முறையோடு நின்றுவிடும். கட்டளையின் கடைசியில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரு வீடியோ காலில் பேசிக்கொண்டே இரண்டு சன்னல்களையும் ஓரக்கண்ணால் கவனியுங்கள். ரவுட்டருக்குப் போகும் பிங் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று வருவது இயல்பு. அதுவே 80, 300 என்று குதித்து, நடுவில் பதிலே வராமல் போனால் பழி வைஃபை மேல். ரவுட்டர் பிங் அமைதியாக இருக்க, 8.8.8.8 மட்டும் எகிறினால் லைனில் கோளாறு, அல்லது லைன் நிரம்பி வழிகிறது (அது படி 6). இரண்டுமே அமைதியாக இருந்தும் குரல் உடைகிறதா? அப்படியானால் உங்கள் கணினி திணறலாம், அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான தனி வழி) திணறலாம், எதிர்முனையில் இருப்பவரின் நெட்டும் சரியில்லாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகிப்பதில்லை!

கூடவே விபிஎன்னை அணைத்துவிட்டு மூன்று ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள்: லேன் கேபிளில் ஒன்று, வைஃபையில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று ஒன்று, வேலை செய்யும் மேசையில் ஒன்று. மூன்றையும் எழுதி வையுங்கள். கேபிளிலேயே பிளானில் சொன்ன வேகம் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு இணைப்பு தருபவரை அழையுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்ற புகாருக்கும் "கேபிளில் சோதித்தேன், இவ்வளவுதான் வருகிறது" என்ற புகாருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. கேபிளில் முழு வேகமும் மேசையில் அதில் பத்தில் ஒரு பங்கும் வந்தால், பிளானை உயர்த்துவது தண்டச் செலவு.

இன்னொன்று. ஒரு வீடியோ காலுக்கு, நல்ல தெளிவான படத்தோடு சேர்த்தே, மேலே (அப்லோட்) 4 எம்பிபிஎஸ், கீழே (டவுன்லோட்) 4 எம்பிபிஎஸ் தாராளம். கால் கட்டாவது பெரும்பாலும் வேகம் போதாமல் அல்ல. தரவுத் துணுக்குகள் தாமதமாகவும் ஒழுங்கில்லாமலும் வந்து சேர்வதால்தான். அதனால் ஸ்பீட் டெஸ்ட் எண்ணைவிடப் பிங் எண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

படி 2: கோடுகளை விடுங்கள், டிபிஎம் பாருங்கள்

மொபைலில் தெரியும் சிக்னல் கோடுகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு மொபைலில் மூன்று கோடு காட்டுவது இன்னொன்றில் நான்காகத் தெரியும். உண்மையான அளவு டிபிஎம், அதாவது வந்து சேரும் சிக்னலின் சக்தியைச் சொல்லும் அலகு. அது மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் அருமை. -60 நன்று. வீடியோ கால் தடுமாறாமல் ஓட -67 வரை பொறுக்கலாம். -70-ஐத் தாண்டினால் நல்ல நாளில் ஓடும், மற்ற நாளில் படுத்தும். -80-ல் இணைந்திருப்பதாகக் காட்டும், வேலைக்கு ஆகாது. -60-க்கும் -70-க்கும் இடையே பத்துதானே என்று நினைக்காதீர்கள். 10 குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை படத்தைச் சொடுக்கினால் இந்த எண் தெரியும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஏதாவது போதும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பைப் போட்டு, செட்டிங்ஸில் அதன் ஸ்கேனரை இயக்க வேண்டும்.

அளக்கும்போது நீங்கள் வேலை செய்கிற நிலையிலேயே அளங்கள். மீட்டிங்கின்போது கதவைச் சாத்துவீர்கள் என்றால் சாத்திவிட்டு, உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பை வைக்கிற இடத்தில் வைத்து. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நாம் உட்கார்ந்தாலே எண் இறங்கும்.

படி 3: ரவுட்டரை இடம் மாற்றுங்கள்

ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று நாம் யாரும் தீர்மானிப்பதில்லை. லைன் போட வந்தவர் எந்தச் சுவரில் ஓட்டை போட்டாரோ அங்கேயே அது குடியேறிவிடுகிறது. வாசல் மூலை, டிவி ஸ்டாண்டின் உள்தட்டு, மேசைக்கடியில் தரை. மூலையில் இருந்தால் அலையில் பெரும்பகுதி தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும்.

நல்ல இடம் என்பது வீட்டின் நடுப்பகுதி, திறந்த வெளி, தலை உயரம். கதவுள்ள அலமாரிக்குள் வேண்டாம். அழகுக்காக மூடி வைத்தால் சூடும் ஏறும், சிக்னலும் குறையும்.

உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஸ்டீல் பீரோ, ஃப்ரிட்ஜ், மீன் தொட்டி, ஆளுயர நிலைக்கண்ணாடி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கண்ணாடி ஏன் என்றால் அதன் பின்பூச்சு உலோகம். மரக்கதவு பெரிதாகத் தடுக்காது, செங்கல் சுவர் ஓரளவு தடுக்கும், கம்பி கட்டிய கான்கிரீட்தான் படுமோசம். மாடிக்குச் சிக்னல் ஏறாததற்குத் தளம்தான் காரணம். என் ரவுட்டர் இருந்த டிவியின் பின்பக்கம் முழுக்க உலோகத் தகடு. ஹால் முழுக்க நல்ல சிக்னல், வேலை அறை மட்டும் அந்தத் தகட்டின் நிழலில்.

சுவரை அலை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதும் முக்கியம். நேராகக் கடந்தால் அரையடிச் சுவர் அரையடிதான். நீளவாக்கில் சாய்வாகக் கடந்தால் அதே சுவர் இரண்டடி, மூன்றடி ஆகிவிடும். அதனால் ரவுட்டரை இரண்டடி தள்ளி, கதவுக்கு நேராக வருமாறு வைத்தாலே சில வீடுகளில் கதை மாறிவிடும். தூரமும் அப்படித்தான். தடையே இல்லாத வெளியில்கூட, தூரம் இரண்டு மடங்கானால் சக்தி கால் பங்காகிறது.

சரி, எந்த இடம் நல்லது என்று எப்படிச் சோதிப்பது? பலர் இங்கே மலைத்துப்போய், கேபிள் எட்டாதே என்று விட்டுவிடுகிறார்கள். சிக்னலை அளக்க இணைப்புக் கம்பியே தேவையில்லை. லேன் கேபிளில் இணைப்பு வருகிறது என்றால் அதைக் கழற்றிவிட்டு, ரவுட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு பிளக்கில் மாட்டுங்கள். நெட் வராது, ஆனால் வைஃபை அலை வரும், டிபிஎம் தெரியும். ஒருவர் ரவுட்டரை நான்கைந்து இடங்களில் மாட்டி வைக்க, இன்னொருவர் வேலை மேசையில் உட்கார்ந்து எண்ணைக் கத்த, அரை மணியில் விடை கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் டிவிக்குப் பின்னால் இருந்தபோது மேசையில் -74. எதிர்ச்சுவரில் புத்தகத் தட்டின் உச்சியில் வைத்தபோது -61.

இடம் முடிவானதும் அங்கே வரை நீளமான லேன் கேபிளை இழுங்கள். இணைப்பு தருபவரின் ஃபைபர் பெட்டியே ரவுட்டராகவும் இருந்தால் அந்த ஃபைபரை நீங்களாக நீட்டவோ கழற்றவோ வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, கூர்மையாக மடிந்தால் போச்சு. அவர்கள் ஆளை வரச்சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அல்லது அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, படி 7-ல் சொல்லும் பழைய ரவுட்டர் வழியைப் பாருங்கள்.

ஆண்டெனா: குச்சி நேராக நின்றால், அதன் நடுவில் மாட்டிய சைக்கிள் டியூப் மாதிரி அலை பக்கவாட்டில் சுற்றிப் பரவும், நுனிப்பக்கம் குறைவு. ஒரே தளம் என்றால் எல்லாம் நேராக நிற்கட்டும். மாடியும் உண்டு என்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

படி 4: பேண்டும் சேனலும்

இப்போதுள்ள ரவுட்டர்கள் குறைந்தது இரண்டு அலைவரிசைகளில் (பேண்டுகளில்) பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் அது சந்தைக்கடை. பக்கத்து வீடுகள், ப்ளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே இடத்தில், 2.45-ல் இயங்குகிறது. அடுப்பு ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் குரல் உடைகிறது என்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகம் அதிகம், தூரம் குறைவு. வைஃபை 6இ, வைஃபை 7 கருவிகளில் 6 கிகாஹெர்ட்ஸும் வரும். அதில் கூட்டமே இல்லை, ஆனால் சுவருக்கு இன்னும் பயப்படும்.

வேலை லேப்டாப் 5-ல் இருக்கட்டும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில லேப்டாப்புகள் பிடிவாதமாக 2.4-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி நடந்தால் ரவுட்டர் செட்டிங்கில் 5-க்கு மட்டும் வேறு பெயர் கொடுத்து, லேப்டாப்பை அதில் மட்டும் இணையுங்கள். மேசையில் 5-ன் அளவு -70-க்குக் கீழே போனால் மட்டும் 2.4-ஐ யோசிக்கலாம்.

ஒவ்வொரு பேண்டும் சேனல் என்ற சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2.4-ல் சேனல் 1, 6, 11, இந்த மூன்றில் ஒன்று மட்டும். சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொரு இணைப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கிறது. அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை இவைதான். 'யாரும் இல்லையே' என்று 3-லோ 4-லோ போய் உட்கார்ந்தால் 1-ல் இருப்பவர்கள் சத்தமும் 6-ல் இருப்பவர்கள் சத்தமும் சேர்ந்து கேட்கும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் முறை வைத்துப் பேசிக்கொள்ளும், பாதி ஏறி நிற்பவை வெறும் இரைச்சல்தான். அகலத்தையும் 20-லேயே வையுங்கள், 40 ஆக்கினால் வேகம் கூடும் என்பது காகிதத்தில்தான்.

5-ல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் சரியாக இருக்கும். அடுக்குமாடியில் நெரிசல் அதிகம் என்றால் 40. ஒரு நுணுக்கம் இருக்கிறது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் அவ்வப்போது திடீரென மறைந்து, ஒரு நிமிடம் கழித்து வந்தால் இதுதான் காரணமாக இருக்கும். 36 முதல் 48-க்குள் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து நிலைநிறுத்துங்கள்.

பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 (ஏஇஎஸ்) அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். பழைய டிகேஐபி முறையில் விட்டுவைத்தால் பாதுகாப்பும் ஓட்டை, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

படி 5: முடிந்தால் கேபிள்

வைஃபை பற்றிய கட்டுரையில் கேபிள் போடச் சொல்வது ஒரு மாதிரிதான். ஆனாலும் சொல்கிறேன், ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. காற்றில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் அந்த ஒரே நேரத்தைப் பங்கு போடுகின்றன. டிவி, டெஸ்க்டாப் மாதிரி நகராதவற்றைக் கேபிளுக்கு மாற்றினால் மிச்சமிருக்கும் வைஃபையும் மூச்சுவிடும்.

கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கேட் 6 கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-சி அடாப்டர் போதும்.

கேபிள் போட்டபின் ஸ்பீட் டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 93, 94 எம்பிபிஎஸ்ஸில் போய் முட்டி நிற்கிறதா? அது லைனின் வேகம் அல்ல, இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டதன் அடையாளம். கிகாபிட் வேகத்துக்கு உள்ளே உள்ள எட்டு கம்பிகளும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். கிளிப்புக்குள் ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் பேசிவைத்து 100-க்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் 94 என்றால் ரவுட்டரின் துளையோ அடாப்டரோ 100 வகை.

படி 6: லைனை நிரப்புவது யார்?

என் மொபைல் கதைக்கு வருகிறேன். 8.8.8.8 பிங் சாதாரணமாக 18 மில்லிசெகண்ட். ஒரு நாள் மீட்டிங் நடுவில் மொபைலைச் சார்ஜில் போட்டேன். பிங் 18-லிருந்து 200, 500, 900. பிளக்கைப் பிடுங்கினேன், சில நொடிகளில் மறுபடி 18. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான்.

நடந்தது இது. மொபைல் படங்களை மேலே அனுப்ப அனுப்ப அப்லோட் பாதை நிரம்பிவிட்டது. மிச்சத்தை ரவுட்டர் தூக்கிப் போடாமல் வரிசையில் நிறுத்தி வைத்தது. என் குரல் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றது. இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பு ஏன் இப்படித் திணறுகிறது என்று தோண்டப்போய்த்தான் இது பரவலாகத் தெரியவந்தது.

சோதிப்பது சுலபம். பிங்கை ஓடவிட்டு, ஒரு பெரிய ஃபைலை மேலேற்றுங்கள். பிங் 20, 30 மில்லிசெகண்ட் கூடினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் போனால் இதுதான் நோய்.

மருந்து இரண்டு. சும்மா கிடைப்பது: புகைப்பட பேக்கப், கிளவுட் சிங்க், கேம் அப்டேட், கேமரா பதிவு ஆகியவற்றை வேலை நேரத்துக்கு வெளியே தள்ளுங்கள். நிரந்தரமானது: ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் வரம்பாகக் கொடுங்கள். பத்து சதவீத வேகம் போகும், ஆனால் யார் எதை மேலேற்றினாலும் உங்கள் குரலுக்கு வழி இருக்கும். எஸ்க்யூஎம் இல்லாத ரவுட்டரில் க்யூஓஎஸ் என்று, எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி ஒன்று இருக்கலாம். அது ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும், போட்டுவிட்டுப் பிங்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 7: இனி வாங்கலாம்

இவ்வளவும் செய்த பிறகும் மேசையில் -70-க்குக் கீழே என்றால் வீட்டுக்கு இன்னொரு பெட்டி தேவைதான்.

விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்கிறது. ஒரே செய்தி காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். போதாதற்கு, சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய் வைக்கிறோம். வராத சிக்னலை அது எங்கிருந்து எடுக்கும்? நான் செய்ததும் இதே தப்புதான். கோடுகள் நிறைந்தது ரிப்பீட்டர் எனக்குப் பக்கத்தில் இருந்ததால். ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே எலும்பும் தோலுமான இணைப்பு.

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் ஏற்பாடு, இதைவிட மேல். நடந்துகொண்டே பேசினாலும் கருவியைப் பக்கத்துப் பெட்டிக்கு ஓரளவு ஒழுங்காக மாற்றிவிடும். பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ உள்ளதாக, மூன்று ரேடியோ வகையாக வாங்குங்கள். துணைப் பெட்டியை வைக்க வேண்டியது ரவுட்டருக்கும் வேலை அறைக்கும் நடுவழியில், -60 சுற்றி வரும் இடத்தில். பெட்டிகளுக்கு இடையே லேன் கேபிள் போட முடிந்தால் பேச்சுக்கே இடமில்லை, முழு வேகம்.

கேபிள் போட முடியும் என்றால் மெஷ்கூட வாங்க வேண்டாம், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். அதில் அக்ஸஸ் பாயிண்ட் மோட் (வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கையால் செய்யலாம். பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 மாதிரி, முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்துவிடுங்கள். பிறகு முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் துளையில் செருகுங்கள், வெளி லைனுக்கான வேன் (WAN) துளையில் அல்ல. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் வேறாக இருக்கட்டும்.

புது ரவுட்டரே வாங்குவதானால் வைஃபை 6 போதும். வைஃபை 7 பெட்டியை வாங்கி வைத்தாலும் லேப்டாப்பில் உள்ள சிப் வைஃபை 5 என்றால் பேச்சு வைஃபை 5-லேயே நடக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்ணும் எல்லா ரேடியோக்களின் உச்சத்தைக் கூட்டிப் போட்டது, ஒரு லேப்டாப்புக்கு அது கிடைக்காது.

மிச்சம் மீதி

ரவுட்டரின் ஃபர்ம்வேரை (அதற்குள் ஓடும் மென்பொருள்) ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். தினமும் ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடுகிறது என்றால் அது வைத்தியம் அல்ல, பெட்டி மாற்ற வேண்டிய அறிகுறி. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கும் டாக்கும் 2.4 பக்கம் இரைச்சல் கிளப்பும். வயர்லெஸ் மவுஸ் திக்கினால் அதன் டாங்கிளை அவற்றிலிருந்து தள்ளிச் செருகிப் பாருங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் நெட் தொய்கிறது என்றால் வைஃபை கார்டின் பவர் சேவிங்கை அணையுங்கள்.

ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஓடுவதற்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்திருப்பது நல்லது. கரண்ட் போகும்போது லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, அவற்றுக்கு இல்லை. லைனே படுத்துவிட்டால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான் கதி. அதன் பாஸ்வேர்டை இன்றைக்கே லேப்டாப்பில் போட்டு ஒருமுறை இணைத்துப் பாருங்கள். மீட்டிங் நடுவில் பத்துப் பேர் காத்திருக்கும்போது தேடினால் அந்தச் செட்டிங் கண்ணிலேயே படாது.